உன் ரூமில் வைத்த ஆபீஸ்

இயேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்,
22.6.1997

அன்பு மகள் உர்சுலாவுக்கு அம்மா முத்தங்களோட எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல நான் சுகமா இருக்கேன், என் முட்டிவலியும் என்னைவிட்டுப் பிரியாம சுகமா இருக்கு, கிள்ளான்ல உன் அண்ணன் கிளாரன்சும் அண்ணி ஜெசிந்தாவும் பிள்ளைங்க ரெண்டும் சுகம். ஜூன் மாசத்துலயும் ஸ்வெட்டர் போடற அந்தச் சீமை லீட்ஸ் ஊர்ல நீ சளி பிடிக்காம, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியா இருக்கணும்னு தினமும் மாதாகிட்ட கேக்கறேன். கேக்கறது மாதாகிட்டன்னாலும் பதில் எழுத வேண்டியது நீதான், அதை மறந்துடாதே. உன் கார்டு போன செவ்வாய்க்கிழமை கிடைச்சுது. அம்மா, நாலு ஞாயித்துக்கிழமையா போன் பண்ணினேன், எடுத்தா ஏதோ கிய்யினு கத்துது, அப்புறம் நானும் பண்றதை விட்டுட்டேன், உனக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டிருந்தே. எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கத்தினது நான் இல்லை. கத்தினது உன் அண்ணனோட ஆபீஸ். மூணு மாசமா அந்த ஆபீஸ் நம்ம வீட்டுல, அதுவும் உன் ரூம்லதான் குடியிருந்துச்சு, இப்பதான் காலி பண்ணிட்டுப் போச்சு. அந்த ரூம் விஷயமாத்தான் உன்கிட்ட ஒரு பதில் கேக்கணும், ஜூலைக் கடைசிக்குள்ள நான் ஒருத்தங்களுக்கு முடிவு சொல்லியாகணும். மொட்டையா கேட்டா உனக்குப் புரியாது, அதனால நடந்ததை முதல்லேருந்து எழுதறேன், டீ போட்டு வச்சுக்கிட்டு படி.

உனக்குத்தான் தெரியுமே, கிளாரன்ஸ் மேரு பக்கம் புதுத் தாமான் குடியிருப்புல வீடு வாங்கினதுலேருந்து தினமும் காலையில அஞ்சரைக்குக் காரை எடுத்தா எட்டு மணிக்குத்தான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் போய்ச் சேருவான். ஹைவேயில அப்படி ஒரு ஜேம். முழு ஜெபமாலையை ரெண்டு தடவை சொல்லி முடிச்சிடலாம், ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உன் அண்ணன் சொல்றது ஜெபம் இல்லைன்னு ஜெசிந்தா சொல்றா. இந்த ஜேமைத் தீர்க்க அவன் கம்பெனி பெரியவங்க எல்லாம் ஒரு பெரிய ஓட்டல்ல மூணு நாள் கூடிப் பேசினாங்களாம். மூணு நாளும் எல்லாரும் காரை ஓட்டிக்கிட்டு வந்து, ஒரே ரூம்ல உக்காந்து, மூணு வேளையும் சேர்ந்து சாப்பிட்டு, கடைசியில மனுஷங்க ஒரே இடத்துல கூடி வேலை செய்யத் தேவையே இல்லைன்னு கண்டுபிடிச்சாங்களாம். படிச்சவங்க படிச்சவங்கதான். இனிமே உலகம் பூரா ஆளுங்க வீட்டுல இருந்தேதான் வேலை செய்வாங்களாம், ரோடு காலியா கிடக்குமாம், அப்பன்மாருங்க பிள்ளைங்களோட கொஞ்சிக்கிட்டே சம்பாதிப்பாங்களாம். முதல்ல சோதனையா எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தாங்க, அதுல உன் அண்ணன் ஒருத்தன். அன்னிக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீ, கோயில்ல புது நன்மை அப்பம் வாங்கின பிள்ளை மாதிரி இருந்தான். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேக்ஸ் மிஷின், ஒரு சுழல் நாற்காலி. ஆனா மூணு நிபந்தனை இருந்துச்சு. வீட்டுல தனி ரூம் இருக்கணும், அதுக்குப் பூட்டு இருக்கணும், டெலிபோன் லைன் இருக்கணும். மேரு வீட்டுல லைனுக்கு எழுதிப் போட்டு எட்டு மாசமாச்சு, இன்னும் வரலை. பூட்டு இருக்கு, ஆனா பூட்டின கதவைத் தட்டறதுக்கு நாலு சின்னக் கையும் இருக்கு. அப்பன்கிட்ட கொஞ்சறதுக்குத்தான் இந்தத் திட்டமேன்னு அதுங்களுக்கு யாரோ சொல்லிட்டாங்க போல. கிளாரன்ஸ் யோசிச்சுப் பார்த்தான், சத்தம் போட ஆள் இல்லாத வீடு, லைன் இருக்கற வீடு, ஒரு ரூம் சும்மா கிடக்கற வீடு எதுன்னு. வேற எது, அம்மா வீடுதான்.

ஆக உன் அண்ணன் வீட்டுல இருந்து வேலை செய்யறதுக்காக தினமும் காலையில அஞ்சரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பினான். அதே கார், அதே ஹைவே, அதே ஜேம். முன்னே பிரிக்பீல்ட்சைத் தாண்டி இன்னும் பத்து நிமிஷம் போகணும், இப்ப அந்தப் பத்து நிமிஷம் மிச்சம். உலகமே மாறுதுன்னு சொன்னாங்களே, மாறினது அந்தப் பத்து நிமிஷம்தான். நான் கேட்டேன், டேய், இதுக்கு ஆபீசுக்கே போயிடலாமேடான்னு. இது டெக்னாலஜி மா, உனக்குப் புரியாது லான்னான். எனக்கு எப்படிப் புரியும், நான் கான்வென்ட்ல ஆறாவது வரைக்கும்தானே படிச்சேன்.

உன் ரூமை என்ன பண்ணினாங்கன்னு சொல்றேன், படிச்சுட்டு அழாதே. உன் கட்டிலைக் கழட்டிப் பின் அடுப்படியில அரிசி டின்னுக்குப் பக்கத்துல நிக்க வச்சாங்க. நீ படிச்ச மேசை ஆட்டம் காணுதுன்னு அதையும் தள்ளிட்டு அவங்க மேசையைப் போட்டாங்க. அலமாரியை மட்டும் தொடக் கூடாதுன்னு நான் குறுக்கே நின்னுட்டேன், உன் நெட்பால் கப், உன் சர்டிபிகேட்டு, விட்டுட்டுப் போன நாலு கவுன், எல்லாம் அப்படியே இருக்கு. ஹால்ல மேரி மாதா படத்துக்குக் கீழே இருந்த டெலிபோனையும் அந்த ரூமுக்குள்ளயே கொண்டுபோயிட்டாங்க. மணி ரெண்டு தடவை அடிக்கறதுக்குள்ள நான் எடுத்தா மனுஷக் குரல் கேக்கும், எடுக்கலைன்னா ஃபேக்ஸ் மிஷினே எடுத்துக்கும். என் முட்டியை வச்சுக்கிட்டு ரெண்டு மணிச் சத்தத்துக்குள்ள அடுப்படியிலேருந்து ஓடி வரணும், இந்த வயசுல ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மறுபடி. சாயங்காலம் அஞ்சுக்கு அவன் கிளம்பும்போது கம்பெனி பேப்பர் இருக்குன்னு ரூமைப் பூட்டிச் சாவியைக் கிள்ளானுக்கு எடுத்துட்டுப் போயிடுவான். ஞாயித்துக்கிழமை வரமாட்டான், மிஷினை நிறுத்திட்டுப் போனை ஹால்ல வச்சுட்டுப் போடான்னா செய்யறேம்மா செய்யறேம்மான்னு சொல்லிட்டு மறந்துடுவான். உர்சுலா, நாலு ஞாயித்துக்கிழமையும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் ஹால்லதான் உக்காந்திருந்தேன். மணி அடிக்கும், ஒண்ணு, ரெண்டு, அப்புறம் அந்தக் கிய்யி. நீதான்னு தெரியும். உன் ரூம் கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு, உள்ளே உன்கிட்ட அந்தச் சனியன் பேசிக்கிட்டு இருக்கறதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அஞ்சாவது வாரத்துலேருந்து மணியும் அடிக்கலை.

இதுக்கு நடுவுல கம்பெனியிலேருந்து ஒரு மலாய்க்கார அம்மா வீட்டைப் பரிசோதனை பண்ண ஃபைலைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. தங்கமான மனுஷி, குறை சொல்ல முடியாது. ரூமைப் பார்த்தாங்க, பூட்டைத் திருகிப் பார்த்தாங்க, கிளாரன்ஸ் இங்கேதான் குடியிருக்காரான்னு என்னைக் கேட்டாங்க. உன் அண்ணன் அவங்க முதுகுக்குப் பின்னால நின்னு கண்ணாலயே கெஞ்சறான். ஆமாம், பிறந்ததுலேருந்து இங்கேதான் இருக்கான்னு சொல்லிட்டேன். முதல் நாளே கொடியில அப்பாவோட பழைய சாரோங்கைத் துவைச்சுக் காயப்போட்டு, குளியலறையில புது டூத்பிரஷ் ஒண்ணும் வாங்கி வச்சிருந்தேன், ஒரு பொய் சொன்னா ஒழுங்கா சொல்லணுமில்லையா. அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னா ஃபாதருக்கே குழப்பம், வீட்டுல இருந்து வேலை செய்யறவர் எதுக்கும்மா இன்னொரு வீட்டுக்கு வரணும்னு கேட்டார். பாவத்தைச் சொல்ல முழங்கால் போட்ட இடத்துல நான் என்ன கம்பெனி சட்டமா விளக்க முடியும், பின்னால ஆறு பேர் வரிசையில நிக்கறாங்க. மூணு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிட்டார்.

வேலை செய்யற லட்சணத்தையும் கேளு. என் வீட்டுல, என் மகன், என் முன்னால கழுத்துல டை கட்டிக்கிட்டு சப்பாத்து போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். யாருக்குடா டைன்னு கேட்டா, டை கட்டலைன்னா வேலை செய்யற மாதிரியே இல்லைம்மாங்கறான். பத்து மணியிலேருந்து பதினொண்ணு வரைக்கும் நான் குக்கர் வைக்கக் கூடாது, விசில் சத்தம் போன்ல கேக்கும். மிக்சி போடக் கூடாது. ரொட்டிக்காரன் மோட்டார்சைக்கிள் ஹார்ன் அடிச்சா நான் ஓடிப்போய் வாயில விரலை வச்சுக் காட்டணும். அவன் மேனேஜர் மிஸ்டர் லியோங் ஒரு நாளைக்கு மூணு தடவை போன் பண்ணுவார், வேலை ஒண்ணும் இருக்காது, ஆள் நாற்காலியில இருக்கானான்னு பார்க்கத்தான். அதுக்குப் பயந்துக்கிட்டு இவன் கக்கூசுக்குப் போறதுன்னாலும் அம்மா போன் வந்தா பார்த்துக்கோன்னு சொல்லிட்டு ஓடுவான். முப்பத்தெட்டு வயசு மா உன் அண்ணனுக்கு. உன் அப்பா முப்பது வருஷம் ரயில்வே யார்டுல வேலை செஞ்சார், சங்கு ஊதினா போவார், சங்கு ஊதினா வருவார், கேட்டைத் தாண்டி வந்துட்டா அவர் வீட்டு ராஜா. ராஜா என்ன, பேப்பர் படிச்சுக்கிட்டே தூங்கிடுவார், ஆனா தூங்கறாரான்னு பார்க்க ரயில்வேக்காரன் எவனும் போன் பண்ணினதில்லை. இப்ப வேலை வீட்டுக்குள்ளயே வந்து கட்டில் இருந்த இடத்துல உக்காந்துக்கிச்சு, சங்கு ஊத ஆளில்லை. ஆபீஸ்ல பத்து மணிக்கு நாலு பேரோட தே தாரே டீ குடிச்சுட்டு பந்து ஆட்டத்தைப் பத்திப் பேசுவானாம். இங்கே பேச நான்தான் இருக்கேன், எனக்குப் பந்து ஆட்டம் தெரியாது, அதனால அரைமணிக்கு ஒரு தடவை அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பான். மூணு மாசத்துல அஞ்சு கிலோ ஏறிட்டான். ஜெசிந்தா என்னைத்தான் முறைக்கிறா.

இதைவிடப் பெரிய கூத்து என்னன்னா, பக்கத்து வீட்டு பிலோமினா ஜன்னல்லேருந்து தினமும் பார்த்திருக்கா. நல்ல வாட்டசாட்டமான ஆம்பிளை, வேலை நாள்ல, பட்டப்பகல்ல, அம்மா வீட்டு கேட்டுல சாய்ஞ்சுக்கிட்டு ரொட்டிக்காரன்கிட்ட பேசிக்கிட்டு நிக்கறான். நம்ம சனங்களுக்கு இதுக்கு ஒரே அர்த்தம்தான், வேலை போயிடுச்சு. மொகத்துக்கு நேரா கேட்டா நான் வருத்தப்படுவேன்னு அவளுக்குக் கரிசனம், அதனால கேக்காமலே கோயில்ல சொல்லிட்டா. அடுத்த ஞாயிறு பூசையில மன்றாட்டு வாசிக்கறாங்க, திருத்தந்தைக்காக, மழைக்காக, அப்புறம் வேலையிழந்து தவிக்கும் எங்கள் சகோதரன் கிளாரன்சுக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும். கோயில் முழுக்க ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னு சொல்லுது. நானும் சொல்லிட்டேன் உர்சுலா, பாதி சொல்லும்போதுதான் அது எந்த கிளாரன்ஸ்னே எனக்கு உறைச்சுது. பூசை முடிஞ்சு நான் விளக்கறேன், இல்லம்மா வேலை இருக்கு, வீட்டுலேருந்து செய்யறான்னு. எல்லாரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஏ பாக்கியம், அப்படித்தான், அப்படியே சொல்லிக்கோ, வெட்கப்பட ஒண்ணுமில்லைன்னு தலையை ஆட்டறாங்க. புதன்கிழமை உதவிச் சங்கத்துலேருந்து ரெண்டு பேர் பத்து கிலோ அரிசி, மைலோ, சார்டின் டின்னோட வந்து கதவைத் தட்டறாங்க. உன் அண்ணன் டையோட கதவைத் திறக்கறான். பாவம், இன்டர்வியூவுக்குக் கிளம்பறான்னு நினைச்சு அவன் தலையில கை வச்சு ஜெபம் வேற பண்ணினாங்க. அந்த நேரம் பார்த்து மிஸ்டர் லியோங் போன். ஜெபத்தை விட்டு ஓட முடியாம அவன் நெளிஞ்ச நெளிசலை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். சார்டினும் மைலோவும் திருப்பிக் கொடுத்துட்டேன், அரிசியைத் திருப்பி வாங்கவே மாட்டோம்னுட்டாங்க, அதனால கடைசித் தெருவுல பேரப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டுக் கஷ்டப்படற மாரியாயி வீட்டுல கொடுத்துட்டேன்.

ஊர் எப்படி இருக்குன்னு கேட்டிருந்தே. ஊர் தூசியா இருக்கு. அப்பா வேலை செஞ்ச அந்த யார்டைத் தோண்டி எங்கேயும் இல்லாத பெரிய ஸ்டேஷன் கட்டப்போறாங்களாம், எல்லாரும் சீக்கிரமா ஆபீஸ் போய்ச் சேரறதுக்கு. பேப்பர்ல முதல் பக்கத்துல அது. நாலாம் பக்கத்துல, இனிமே யாரும் ஆபீசுக்கே போகத் தேவையில்லைங்கறான். ஒரே பேப்பர், ஒரே நாள். முதல் பக்கம் எழுதினவனும் நாலாம் பக்கம் எழுதினவனும் வேற வேற வீட்டுல இருந்து வேலை செய்யறாங்க போல இருக்கு. தோண்டற தூசி என் துணிக் கொடியில வந்து விழுது, அதை மட்டும் யாரும் எந்தப் பக்கத்துலயும் எழுதறதில்லை.

இப்ப ஆபீஸ் எப்படிக் காலி ஆச்சுன்னு சொல்றேன். அவங்க வேலையில ஒரு ஃபைலை ஒருத்தர் எழுதினா இன்னொருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். நாப்பது பக்கம் ஃபைலை ஃபேக்ஸ்ல அனுப்பினா பாதியில நின்னுடும், பேப்பர் சுருண்டுக்கும், மறுபடி முதல்லேருந்து அனுப்பணும். எட்டுப் பேரும் ரெண்டு வாரம் சுசாப்பட்டு, கஷ்டப்பட்டுப் பார்த்தாங்க. மூணாவது வாரம் காஜாங்ல இருக்கறவன் சொல்லியிருக்கான், பழைய ஆபீசுக்குப் பின்னால மரத்தடியில சீதாலெட்சுமி சோத்துக்கடை இருக்கே, மத்தியானம் அங்கே வந்துட்டா சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு, கையெழுத்துப் போட்ட மாதிரியும் ஆச்சுன்னு. அவ்வளவுதான். காஜாங்லேருந்து ஒருத்தன், பந்திங்லேருந்து மோட்டார்சைக்கிள்ல ஒருத்தன், இங்கேருந்து மினி பஸ் ஏறி உன் அண்ணன், வீட்டுல இருந்து வேலை செய்யற எட்டுப் பேரும் தினமும் பன்னிரண்டரைக்கு அந்த மரத்தடியில கூடிட்டாங்க. முதல் வாரம் எட்டுச் சாப்பாடு குறைஞ்சுதேன்னு கவலைப்பட்ட சீதாலெட்சுமி இப்ப ரெண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, பிஸ்கட் டின்ல ஸ்டேப்ளர், பேனா, ரப்பர் சாப்பா முத்திரை மை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாளாம். நான் என்னமோ மகன் காத்து வாங்கப் போறான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல போன் வந்தா, ரூம்ல இருக்கான்னு சொல்லணும்னு எனக்கு உத்தரவு.

போன மாசக் கடைசியில ஒரு நாள் மத்தியானம் மணி அடிச்சுது, நான் கீரை அரிஞ்சுக்கிட்டு இருந்தவ கத்தியோட ஓடி எடுத்தேன். மிஸ்டர் லியோங். ஆன்டி, கிளாரன்ஸ் இருக்காரான்னு கேட்டார். இருக்கான் சார், தலையைக் குனிஞ்சு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கான், கூப்பிடட்டுமான்னேன். வேணாம் ஆன்டி, தொந்தரவு பண்ணாதீங்க, ரொம்ப பிஸியா இருக்கார்னு தெரியுதுன்னார். அப்ப போனுக்குள்ள தட்டுச் சத்தம் கேக்குது, காக்கா சத்தம் கேக்குது, அதுக்கும் மேல என் வயித்துல பிறந்தவன் குரல் தெளிவா கேக்குது, அக்கா, இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு ஊத்துங்கன்னு. மனுஷன் ஹேன்ட்ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு அவனுக்குப் பின்னாலயேதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கார். எனக்கு அப்படியே உடம்பெல்லாம் கூசிப் போச்சு, இந்த வயசுல ஒரு சீன மனுஷன்கிட்ட பொய்க்காரின்னு பேர் வாங்கினேன். உன் அண்ணனுக்கு வேலை போயிடும்னு பயந்து நான் அன்னிக்குச் சாப்பிடவே இல்லை, கோயில்ல வாசிச்ச மன்றாட்டு பலிச்சுடுச்சோன்னு பிலோமினாவை மனசுக்குள்ள திட்டித் தீர்த்தேன். ஆனா அவர் நல்ல மனுஷர். அவரும் ஒரு தட்டு வாங்கி அவங்களோடயே உக்காந்து சாப்பிட்டாராம். ஃபேக்ஸ்ல மூணு நாள் இழுக்கற வேலையை இந்த மரத்தடியில ஒரு மணி நேரத்துல முடிக்கறீங்க, இதுக்கு ஆபீசுக்கே வந்துடுங்க, அங்கே ஏர்கானாவது இருக்குன்னாராம். சோதனை மிக நல்ல வெற்றின்னு ரிப்போர்ட் எழுதி, அந்த வாரத்தோட திட்டத்தை நிறுத்திட்டாங்க. லோரி வந்து நாற்காலி, மேசை, மிஷின் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போச்சு. உன் அண்ணன் இப்ப மறுபடி ஹைவேயில பழைய ஜெபத்தைச் சொல்லிக்கிட்டுப் போறான்.

இவ்வளவு நக்கல் பண்றேனே, ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு உர்சுலா. குக்கர் வைக்க முடியலைன்னு கத்தினேன், போனுக்கு ஓடி முட்டி வீங்கிச்சு, ஆனா பத்து மணிக்கு ரெண்டு கப்பு டீ போட்டேன். ஒரு ஆளுக்குச் சமைக்கற சாப்பாட்டை நாலஞ்சு வருஷமா சாப்பிட்டுப் பழகினவளுக்கு, சட்டியைத் திறந்து பார்க்க ஒரு ஆள் இருந்தது நல்லா இருந்துச்சு. லோரி போன சாயங்காலம் டெலிபோனை ஹாலுக்குக் கொண்டுவந்து வச்சேன், உன் கட்டிலை பிலோமினா மகனைக் கூப்பிட்டு முடுக்கிப் போட்டேன், மெத்தை விரிப்பு மாத்தினேன். கிளாரன்ஸ் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, ஆறு வருஷமா யாரும் படுக்காத கட்டிலுக்கு எதுக்கும்மா விரிப்பு மாத்திக்கிட்டே இருக்கேன்னான். கோவத்துல சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னான், அதனாலதான் உள்ளே போய்க் குத்துச்சு. ஜெசிந்தாவுக்குத் தெரிஞ்ச பொண்ணுங்க ரெண்டு பேர் தெலுக் இந்தான்லேருந்து இங்கே காலேஜுக்கு வராங்களாம், அந்த ரூமைக் கேக்கறாங்க, நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க, எனக்கும் துணையா இருக்கும், உர்சுலா எங்கே வரப்போறா, ஜூலைக் கடைசிக்குள்ள சரின்னு சொல்லுங்கன்னு உன் அண்ணனும் அண்ணியும் சொல்றாங்க. இதுக்குத்தான் உன்கிட்ட பதில் கேக்கறேன்.

உன் கார்டுல கடைசி நாலு வரியை நான் மூணு தடவை படிச்சேன். உனக்கும் கம்பெனியில கம்ப்யூட்டர் கொடுத்திருக்காங்களாம், வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்தே வேலையாம், இனிமே நான் எங்கே இருந்தாலும் வேலை நடக்கும் அம்மான்னு பெருமையா எழுதியிருக்கே. ரொம்ப சந்தோஷம் கண்ணு. போன வருஷம் வரைக்கும் நீ இல்லாட்டி வேலை நடக்காதுன்னுதான் எழுதிக்கிட்டு இருந்தே. தொண்ணூத்தி ஒண்ணு கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் வந்துட்டுப் போனே. அப்புறம் பரீட்சை, அப்புறம் புது வேலை, லீவு கிடையாது, அப்புறம் பிரமோஷன், அப்புறம் ஆபீஸ்ல கம்ப்யூட்டரை எல்லாம் மாத்தினாங்க. கிளாரன்ஸ் கல்யாணத்தப்ப ஆடிட்டு. நான் ஒரு தடவை கூட ஏன்னு கேக்கலை, வேலை செய்யறவரோட குடும்பம் நடத்தினவ நான், வேலைன்னா வேலைதான்னு எனக்குத் தெரியும். ஆனா இப்ப நீயே எழுதியிருக்கே, எங்கே இருந்தாலும் நடக்கும்னு. அந்த எங்கேயில பிரிக்பீல்ட்ஸ் வராதா? செப்டம்பர் பதினாலு அப்பாவோட பத்தாவது வருஷ நினைவுப் பூசை. இங்கே லைன் இருக்கு, ரூம் இருக்கு, ரூமுக்குப் பூட்டு இருக்கு, ஓடி வந்து போன் எடுக்கப் பழகின ஒரு கிழவியும் இருக்கா. நீ கேட்டா குக்கர் கூட வைக்கமாட்டேன். நேர வித்தியாசம் இருக்கு, ராத்திரி முழிக்கணும்னு சொல்லுவே, முழிக்கலாம், நான் கூட உக்காந்திருக்கேன். வர மனசில்லைன்னா அதையும் எழுதிடு, வேலை மேல பழி போடாம எழுது. எனக்குக் கோவம் வரும், அழுவேன், ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும், அந்தப் பொண்ணுங்களுக்குச் சரின்னு சொல்லிடறேன், உன் கவுனை எல்லாம் மடிச்சுப் பெட்டியில வச்சுடறேன்.

போன் இப்ப ஹால்லதான் இருக்கு, ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்குப் பண்ணு, எத்தனை மணி அடிச்சாலும் நான்தான் எடுப்பேன். தலைக்கு எண்ணெய் வை, வெறும் ரொட்டியிலயே காலத்தை ஓட்டாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானையில வச்சுக் காப்பாத்தட்டும், அப்பாவோட ஆசீரும் என் ஆசீரும் உனக்கு எப்பவும் உண்டு.

உன் அன்பு அம்மா,
பாக்கியம்

ஒண்ணு எழுத விட்டுட்டேன். அந்த மலாய்க்கார அம்மா பரிசோதனைக்கு வந்தப்ப அலமாரியில உன் கப்பையும் கவுனையும் பார்த்துட்டு இதெல்லாம் யாரோடதுன்னு கேட்டாங்க. என் மகளோடது, அவளும் இங்கேதான் இருக்கா, வெளியே போயிருக்கா, வந்துடுவான்னு சொன்னேன். அவங்க அதையும் ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க. கிளாரன்சுக்காகச் சொன்னதை மட்டும்தான் ஃபாதர்கிட்ட சொன்னேன், இதைச் சொல்லலை. இது பொய்யான்னு எனக்கு இன்னும் தெரியலை, உர்சுலா, அதை நீதான் எழுதணும்.